கனடாவில் வொர்க் பெர்மிட் வரும்வரை விசிட்டராகத் தங்குவது: தேதி தவறாமல் நீட்டிப்பது எப்படி?

"விசா 2032 வரைக்கும் இருக்கே, அப்புறம் என்ன கவலை?"

கனடாவுக்கு விசிட்டராக வந்து, இங்கேயே வொர்க் பெர்மிட்டுக்குக் காத்திருப்பவர்கள் பலர் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் தம்பி மனைவியும் சொன்னாள். தம்பி இங்கே நிரந்தரவாசி. அவளை விசிட்டராக வரவழைத்து, வந்த பிறகு ஸ்பான்சர் விண்ணப்பத்தைப் போட்டிருந்தான். ஒருநாள் பேச்சுவாக்கில் அவள் பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டினேன். டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தில் குத்திய முத்திரைக்குக் கீழே, நீலப் பேனாவில் சின்னதாக ஒரு தேதி எழுதியிருந்தது. அவர்கள் மனதில் வைத்திருந்த ஆறு மாதக் கணக்குக்கு இரண்டு மாதம் முந்திய தேதி. அன்றைக்கு அதற்கு 19 நாள்தான் பாக்கி. அடுத்த நான்கு இரவுகள் மூன்று பேரும் உட்கார்ந்து வேலை பார்த்தோம். அந்த நான்கு இரவுகளில் கற்றுக்கொண்டதையும், பிறகு பலருக்கு உதவியபோது தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

எந்தத் தேதி உங்கள் தேதி?

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா, விமானத்தில் ஏறிக் கனடாவின் வாசல்வரை வருவதற்கான அனுமதி. எத்தனை நாள் தங்கலாம் என்பதை அது சொல்வதில்லை. அதை முடிவு செய்பவர் எல்லையில் இருக்கும் அதிகாரி. அவர் தேதி எதுவும் குறிப்பிடவில்லை என்றால், உள்ளே வந்த நாளிலிருந்து ஆறு மாதம். தேதி எழுதியிருந்தால் அதுதான் கடைசி நாள். விமான நிலையத்தில் இயந்திரத்தின் வழியாக வந்தவர்களுக்கு முத்திரையே இல்லாமல் போவதும் உண்டு. அப்போதும் ஆறு மாதக் கணக்குதான். போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள், வந்த நாளுக்கு அது ஒரு சான்று.

சிலருக்கு அதிகாரி தனியாக ஒரு தாள் கொடுத்திருப்பார். அதன் பெயர் விசிட்டர் ரெக்கார்டு. அதில் உள்ள தேதிதான் செல்லும். சூப்பர் விசாவில் வந்த அப்பா அம்மாவுக்குக் கணக்கு வேறு, அவர்கள் ஒரே தடவையில் ஐந்து ஆண்டுவரை தங்கலாம். அந்தக் கதைக்குள் இங்கே போகவில்லை.

கடைசி நாளைக் கண்டுபிடித்ததும் அதிலிருந்து 30 நாள் பின்னால் எண்ணி, அந்த நாளை நாட்காட்டியில் வட்டமிடுங்கள். அதற்குள் விண்ணப்பித்துவிடச் சொல்கிறது ஐ.ஆர்.சி.சி. (குடிவரவுத் துறையை இங்கே எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள்.) 30 நாளுக்குக் குறைவாக இருந்தாலும் கடைசி நாளுக்குள் போட்டால் செல்லும். என் தம்பி மனைவியின் விண்ணப்பம் 15 நாள் மீதமிருக்கும்போதுதான் போனது. ஆனால் கடைசி நாள் இரவு பத்து மணிக்கு லாகின் செய்யும் வேலை வேண்டாம். அரசின் கணினி வைத்திருக்கும் கடிகாரமும் உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரமும் ஒன்றாக ஓடும் என்று நம்பாதீர்கள்.

உங்கள் வொர்க் பெர்மிட் எந்த வழியில் வருகிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் படிவத்தைத் தொடாதீர்கள். பலர் குழம்புவது இங்கேதான்.

கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்ட் 24 முதல் ஒரு தற்காலிகச் சலுகை இருந்தது. விசிட்டராக வந்தவர், வேலை கொடுக்க ஒரு முதலாளி கிடைத்தால் நாட்டைவிட்டு வெளியே போகாமலே வொர்க் பெர்மிட் கேட்கலாம். 2024 ஆகஸ்ட் 28-இல் அதை நிறுத்திவிட்டார்கள். அமெரிக்க எல்லைவரை போய் உடனே திரும்பி, எல்லையிலேயே பெர்மிட் வாங்கும் 'ஃபிளாக்போலிங்' வழியும் 2024 டிசம்பர் 23-ஓடு பெரும்பாலானவர்களுக்கு மூடப்பட்டது. யூடியூபில் பழைய காணொளிகள் இந்த இரண்டையும் இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. காணொளியைப் பார்க்கும் முன் அது எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள்.

இப்போது நடைமுறையில் நான் பார்ப்பவர்கள் மூன்று வகை.

முதல் வகை, கனடியக் குடிமகனோ நிரந்தரவாசியோ ஸ்பான்சர் செய்து, அவரோடு இங்கேயே சேர்ந்து வாழும் கணவன் அல்லது மனைவி. ஸ்பான்சர் விண்ணப்பம் கிடைத்ததற்கான ஒப்புகைக் கடிதம் வந்ததும், உள்ளிருந்தபடியே ஓப்பன் வொர்க் பெர்மிட் (ஒரே முதலாளியோடு கட்டிப்போடாத பெர்மிட்) கேட்கலாம். அந்தக் கடிதத்தை 'ஏ.ஓ.ஆர்.' என்பார்கள். அது எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. அதற்குள் தங்கும் தேதி முடிந்துவிடும் என்றால் முதலில் விசிட்டராக நீட்டித்தே ஆகவேண்டும்.

இரண்டாவது வகை, இங்கே வேலை செய்பவரின் அல்லது படிப்பவரின் கணவன், மனைவி. 2025 ஜனவரி 21 முதல் இவர்களுக்கான விதி இறுகிவிட்டது. படிப்பவர் என்றால் முனைவர் பட்டமோ, 16 மாதமாவது நீளும் முதுகலைப் படிப்போ, குறிப்பிட்ட சில தொழிற்படிப்புகளோ படிக்கவேண்டும். வேலை செய்பவர் என்றால் டியர் (வேலைகளைத் தேவைப்படும் படிப்பு, பயிற்சி, அனுபவத்தை வைத்துப் பிரிக்கும் கனடிய வரிசை) 0, 1 நிலை வேலைகள், அல்லது 2, 3 நிலைகளில் தேர்ந்தெடுத்த சில வேலைகள். அவருடைய பெர்மிட்டிலும் 16 மாதமாவது பாக்கி இருக்கவேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் மனைவிக்கு 2023-இல் கிடைத்தது என்பதற்காக உங்களுக்கும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு வந்துவிடாதீர்கள்.

மூன்றாவது வகை, ஒரு நிறுவனம் எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளி அரசிடம் வாங்கும் ஒப்புதல்) வாங்கித் தந்து, அதை வைத்து வொர்க் பெர்மிட் கேட்பவர். பொதுவாக இவர் வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவருக்கான வழியில் போகவேண்டும். அப்படிப் போட்ட விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பது உங்கள் விசிட்டர் தேதியை ஒரு நாள்கூடத் தள்ளிவைக்காது. 'ஃபைல் உள்ளே இருக்கு, அதனால் தங்கலாம்' என்பது இவருக்குப் பொருந்தவே பொருந்தாது. தங்கவேண்டும் என்றால் அதற்குத் தனியாக நீட்டிப்பு கேட்கவேண்டும். இல்லையென்றால் தேதிக்குள் கிளம்பவேண்டும்.

முதல் இரண்டு வகையினர், தங்கும் தேதி முடிவதற்குள் உள்ளிருந்தே வொர்க் பெர்மிட் விண்ணப்பத்தைச் சரியாகப் போட்டுவிட்டால், முடிவு வரும்வரை தங்கலாம். சரி, அப்படியென்றால் விசிட்டர் நீட்டிப்பு எதற்கு? ஒரு கட்டணம் விட்டுப்போனாலோ, ஒரு கடிதத்தை இணைக்காமல் விட்டாலோ, விண்ணப்பம் முழுமையாக இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். திரும்பி வந்த விண்ணப்பம் போடாத விண்ணப்பத்துக்குச் சமம். அது வாரங்கள் கழித்துத் திரும்பும்போது உங்கள் தேதியும் தாண்டியிருக்கும். ஆகவே 100 டாலர் போனாலும் பரவாயில்லை, விசிட்டர் நீட்டிப்பையும் தனியாகப் போட்டுவிடுங்கள் என்பதுதான் என் கட்சி. முடிந்தால் இரண்டையுமே பழைய தேதி முடிவதற்குள் போடுங்கள். முதல் விண்ணப்பத்தின் நிழலில் நின்றுகொண்டு இரண்டாவதைப் போட்டால், முதலாவது மறுக்கப்படும்போது இரண்டாவதும் சேர்ந்தே சிக்கலில் மாட்டும்.

படிவத்தோடு மல்லுக்கட்டுவது

விசிட்டராக நீட்டிக்கும் படிவத்தின் எண் ஐ.எம்.எம். 5708. உள்ளிருந்து வொர்க் பெர்மிட் கேட்பதற்கு ஐ.எம்.எம். 5710. இரண்டையும் ஐ.ஆர்.சி.சி. தளத்தில் இலவசமாக எடுக்கலாம். படிவத்துக்கே காசு கேட்கும் தளம் எதிலாவது நீங்கள் இருந்தால், அது அரசின் தளம் அல்ல.

பிடிஎஃப் படிவத்தைப் பிரவுசரிலோ ஃபோனிலோ திறந்தால், 'ப்ளீஸ் வெயிட்' என்று ஒரு வரி மட்டும் தெரியும். நாங்களும் முதல் இரவு டீ குடித்துக்கொண்டே அரை மணி நேரம் வெயிட் செய்தோம். எத்தனை நேரம் காத்திருந்தாலும் அது திறக்காது. கோப்பைக் கணினியில் இறக்கிச் சேமித்து, அடோபி ரீடரில் திறக்கவேண்டும். எல்லாம் நிரப்பியதும் 'வேலிடேட்' என்ற பொத்தானை அழுத்துங்கள். விட்டுப்போன இடங்களைச் சிவப்பில் காட்டும். எல்லாம் சரி என்றால் கடைசியில் பார்கோடு வரும்.

தமிழர்களுக்கு அடிக்கடி வரும் ஒரு தலைவலி, பெயர். நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருக்கும். அப்படியென்றால் உங்கள் பெயரைக் குடும்பப்பெயர் கட்டத்தில் எழுதி, இயற்பெயர் கட்டத்தைக் காலியாக விடவேண்டும். அப்பா பெயரையோ இனிஷியலையோ நீங்களாகச் சேர்க்காதீர்கள். பாஸ்போர்ட்டில் இருப்பது எதுவோ, அதுவே எல்லா இடத்திலும்.

கனடாவுக்கு முதன்முதலில் வந்த நாளையும் கடைசியாக வந்த நாளையும் தனித்தனியாகக் கேட்பார்கள். இரண்டையும் மாற்றி எழுதிவிடுவது சகஜம். வேலை விவரத்தில் இடைவெளி விடாதீர்கள். வேலைக்குப் போகாத மாதங்களுக்கு வீட்டுப் பொறுப்பு என்றோ வேலை தேடிக்கொண்டிருந்தேன் என்றோ எழுதலாம், வெற்றிடமாக விடக்கூடாது.

எந்த நாட்டிலாவது உங்களுக்கு விசா மறுக்கப்பட்டிருக்கிறதா என்ற கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். பத்து வருடத்துக்கு முன் சென்னையில் அமெரிக்க விசா மறுத்ததெல்லாம் இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்து 'இல்லை' போட்டவர்கள் உண்டு. தகவலை மறைத்தது என்று முடிவானால் ஐந்து ஆண்டு தடை. மறுக்கப்பட்டதைச் சொல்வதால் அவ்வளவு பெரிய இடி எதுவும் விழாது.

எந்தத் தேதிவரை நீட்டிப்பு வேண்டும் என்றும் கேட்பார்கள். வாய்க்கு வந்த தேதியை எழுதாமல், காரணத்தோடு ஒட்டிய தேதியாக இருக்கட்டும். அதோடு பாஸ்போர்ட் காலாவதி தேதியைத் தாண்டி நீட்டிப்பு கிடைக்காது. பாஸ்போர்ட் முடியப்போகிறது என்றால் அதைப் புதுப்பிக்கும் வேலையை முதலில் தொடங்குங்கள்.

இணைக்கவேண்டியவை

பாஸ்போர்ட்டில் விவரப் பக்கமும் முத்திரை உள்ள எல்லாப் பக்கங்களும். கையில் காசு இருக்கிறது என்பதற்கு வங்கி அறிக்கை. செலவைப் பார்த்துக்கொள்பவர் கணவரோ மனைவியோ என்றால் அவருடைய வங்கி அறிக்கை, சம்பளச் சீட்டு, வேலைக் கடிதம், இங்கே இருப்பதற்கான அவருடைய ஆவணம். திருமணச் சான்றிதழ். அது தமிழில் இருந்தால் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர் செய்த ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. நீங்களோ உங்கள் சித்தப்பா மகனோ மொழிபெயர்த்தால் ஏற்கமாட்டார்கள். ஏ.ஓ.ஆர். வந்திருந்தால் அதுவும். ஒரு தலைப்புக்கு ஒரு கோப்புதான் ஏற்ற முடியும் என்பதால், ஒரே வகைத் தாள்களை ஒரு பிடிஎஃப்-ஆகச் சேர்த்துவிடுங்கள். கோப்பு 4 எம்பியைத் தாண்டக்கூடாது.

இத்தனையிலும் கனமானது நீங்கள் எழுதும் விளக்கக் கடிதம்தான். கட்டாயம் என்று பட்டியலில் இருக்காது, ஆனால் இல்லாமல் அனுப்பாதீர்கள். அதிகாரி உங்களைப் பார்க்கப்போவதில்லை, உங்கள் குரலாக அவர் கையில் இருப்பது அது ஒன்றே. ஒரு பக்கம் போதும். நாங்கள் எழுதியது நாலே பத்தி: எந்த நாளில், எந்த விமான நிலையத்தில் வந்தேன், எதுவரை தங்க அனுமதி. ஏன் இன்னும் தங்கவேண்டும் (ஸ்பான்சர் விண்ணப்பம் போட்ட தேதியும் அதன் எண்ணும்). இதுவரை வேலை செய்யவில்லை, செலவைக் கணவர் பார்க்கிறார், அதற்குச் சான்று இன்னின்ன. நீட்டிப்பு கிடைக்காவிட்டால் தேதிக்குள் புறப்படுவேன்.

அந்தக் கடைசிப் பத்தியை எழுத என் தம்பிக்கு மனசே வரவில்லை. "இங்கேயே இருக்கணும்னு ஒரு பக்கம் விண்ணப்பம், போயிடுவேன்னு இன்னொரு பக்கம் கடிதமா?" என்றான். இரண்டும் முரண் இல்லை. நிரந்தரமாகத் தங்க விரும்புகிறவர், அனுமதித்த காலம் முடிந்தால் கிளம்பிவிடுவார் என்று அதிகாரிக்கு நம்பிக்கை இருந்தால், தற்காலிகமாகவும் தங்கலாம் என்று குடிவரவுச் சட்டத்தின் 22-வது பிரிவே சொல்கிறது. 'டூயல் இன்டென்ட்' என்பார்கள். நிரந்தரவாச ஆசையை மறைத்து எழுதுவதுதான் தப்பு.

கட்டணம், நான் எழுதும் நேரத்தில் விசிட்டர் நீட்டிப்புக்கு ஆளுக்கு 100 டாலர். ஓப்பன் வொர்க் பெர்மிட்டுக்கு 155-ம் 100-ம் சேர்த்து 255. கைரேகை கொடுத்துப் பத்து ஆண்டு ஆகவில்லை என்றால் பொதுவாக மறுபடி கேட்கமாட்டார்கள். கேட்டால் 85 டாலர், கடிதம் வந்த 30 நாளுக்குள் சர்வீஸ் கனடா என்ற அரசுச் சேவை அலுவலகத்தில் நேரம் வாங்கிக் கொடுக்கவேண்டும். குழந்தையும் விசிட்டராக வந்திருந்தால் அதற்கும் தனிப் படிவம், தனிக் கட்டணம். பெற்றோர் விண்ணப்பத்தில் பிள்ளை தானாக அடங்கிவிடும் என்று நினைத்து மாட்டியவர்களை எனக்குத் தெரியும்.

அனுப்பியதும் வரும் உறுதிச் சீட்டையும் பணம் கட்டிய ரசீதையும் அச்செடுத்து வையுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் காட்டுவதற்கு உங்களிடம் இருப்பது அவ்வளவுதான்.

காத்திருக்கும் காலம்

தேதிக்குள் விண்ணப்பித்திருந்தால், பழைய தேதி தாண்டினாலும் முடிவு வரும்வரை சட்டப்படி இருக்கலாம். இதற்கு 'மெயின்டெய்ன்ட் ஸ்டேட்டஸ்' என்று பெயர். பழைய ஆட்கள் 'இம்ப்ளைடு ஸ்டேட்டஸ்' என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். இதற்கென்று தனித் தாள் எதுவும் வராது.

இந்த நிலை நீங்கள் கனடாவுக்குள் இருக்கும்வரைதான். நடுவில் ஊருக்குப் போனால் அது அங்கேயே முடிந்தது. திரும்பி வருவதற்குச் செல்லுபடியாகும் விசா வேண்டும், எல்லையில் மறுபடியும் முதலிலிருந்து பேசவேண்டும். தங்கை கல்யாணம், பாட்டி உடம்பு சரியில்லை என்று போகவேண்டி வரலாம். போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, தெரிந்து போங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். விசிட்டராகக் காத்திருப்பவர் வேலை செய்ய முடியாது. வொர்க் பெர்மிட் வைத்திருந்து, அது முடிவதற்குள் அடுத்த வொர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தவர், காத்திருக்கும்போது பழைய நிபந்தனைகளோடு வேலையைத் தொடரலாம். அதைக் கேள்விப்பட்டுவிட்டு, "நானும் அப்ளை பண்ணியிருக்கேன், நானும் வேலைக்குப் போகலாம்" என்று புறப்படுபவர்கள் இருக்கிறார்கள். நம்மிடம் இல்லாத பெர்மிட்டை எப்படித் தொடர்வது? கடையில் கையில் காசாக, வார இறுதியில் மட்டும், தெரிந்தவர் சமையற்கூடத்தில் என்று எப்படிச் செய்தாலும் அது அனுமதியில்லாத வேலைதான். பிடிபட்டால் நாட்டைவிட்டு வெளியேறும் உத்தரவுவரை போகலாம். அப்படி வேலை செய்தது தெரிந்தால், ஆறு மாதம் கழியும்வரை வொர்க் பெர்மிட்டையே மறுக்க விதி இருக்கிறது. எதற்காகக் காத்திருக்கிறீர்களோ அதையே கெடுத்துக்கொள்வது.

கனடாவுக்கு வெளியே உள்ள நிறுவனத்துக்கு, வெளியிலிருந்தே சம்பளம் வாங்கிக்கொண்டு மடிக்கணினியில் வேலை செய்வது வேறு, அது இங்கத்திய வேலைச் சந்தைக்குள் வராது. ஆறு மாதத்துக்குள் முடியும் படிப்பையும் விசிட்டராகவே படிக்கலாம். மருத்துவக் காப்பீட்டை மட்டும் மறக்காதீர்கள். தங்கும் காலம் நீளும்போது காப்பீட்டையும் சேர்த்து நீட்டியாகவேண்டும், அதன் தேதி தனியாக ஓடிக்கொண்டிருக்கும்.

நீட்டிப்பு கிடைத்தால் விசிட்டர் ரெக்கார்டு என்ற தாள் வரும். மறு நுழைவுக்கு இது அனுமதி அல்ல என்று அதிலேயே அச்சிட்டிருப்பார்கள். அதில் ஒரு புதுத் தேதி இருக்கும். மறுபடி 30 நாள் பின்னால் எண்ணி வட்டமிடுங்கள்.

தேதி ஏற்கெனவே தவறிவிட்டதா?

ஸ்டேட்டஸ் போன நாளிலிருந்து 90 நாளுக்குள் அதை மீட்டுத் தரச் சொல்லி விண்ணப்பிக்கலாம். இதன் பெயர் 'ரெஸ்டோரேஷன்'. கட்டணம் 200 டாலருக்கு மேல். ஏன் தவறியது என்று கடிதத்தில் நேராகச் சொல்லவேண்டும். இது மெயின்டெய்ன்ட் ஸ்டேட்டஸ் மாதிரி பாதுகாப்பான காத்திருப்பு அல்ல, கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. 90 நாளும் தாண்டிவிட்டால் இணையத்தில் தேடுவதை நிறுத்திவிட்டு உரிமம் உள்ள ஒருவரிடம் போங்கள்.

உரிமம் என்றால் என்ன? காசு வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்ல, வழக்கறிஞராக இருக்கவேண்டும், அல்லது குடிவரவு, குடியுரிமை ஆலோசகர் கல்லூரியில் பதிவு பெற்றவராக இருக்கவேண்டும். 2021 நவம்பரில் செயல்படத் தொடங்கிய ஒழுங்குமுறை அமைப்பு அது, பெயரில்தான் கல்லூரி. அதன் தளத்தில் ஆலோசகர் பெயரைப் போட்டால் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். ஒன்டாரியோ மாகாணத்தில் பாராலீகலும் (வழக்கறிஞர் அல்லாத, உரிமம் பெற்ற சட்டப் பணியாளர்) குறிப்பிட்ட சில வேலைகளைச் செய்யலாம். "எல்லாம் நான் பார்த்துக்கிறேன், படிவத்தில் என் பேர் மட்டும் வேண்டாம்" என்று சொல்பவரிடமிருந்து பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். எல்.எம்.ஐ.ஏ.வுக்கு விலை பேசுபவர்களும் இருக்கிறார்கள். அதன் 1000 டாலர் கட்டணம் முதலாளி கட்டவேண்டியது, தொழிலாளியிடமிருந்து வசூலிக்கக்கூடாது என்பது விதி.

பெர்மிட் வந்ததும்

என் தம்பி மனைவிக்கு வொர்க் பெர்மிட் ஒரு வெள்ளிக்கிழமை தபாலில் வந்தது. ஸ்வீட் வாங்க ஓடுவதற்கு முன் தாளை வரிவரியாகப் படித்தோம். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், முடியும் தேதி, அப்புறம் நிபந்தனைகள். ஓப்பன் பெர்மிட் என்றாலும், மருத்துவப் பரிசோதனை செய்யாதவர்களுக்குக் குழந்தைப் பராமரிப்பு, பள்ளி, மருத்துவமனை வேலைகள் கூடாது என்று அதில் எழுதியிருக்கலாம். அவள் ஊரில் மழலையர் பள்ளி ஆசிரியை, இங்கேயும் அதைத்தான் தேட நினைத்திருந்தாள். அந்த வரி அவள் தாளில் இருந்தது. பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பே, துறை அங்கீகரித்த மருத்துவரிடம் பரிசோதனை செய்து சீட்டை இணைத்திருந்தால் அது வந்திருக்காது. எங்களுக்கு அது அப்போது தெரியவில்லை. பிறகு பரிசோதனை செய்து, நிபந்தனையை மாற்றக் கேட்டு இன்னொரு விண்ணப்பம், இன்னொரு காத்திருப்பு.

திங்கட்கிழமை சர்வீஸ் கனடாவுக்குப் போய் சமூகக் காப்பீட்டு எண் வாங்கினாள். அதற்குக் கட்டணம் கிடையாது. தற்காலிகமாக இருப்பவர்களுக்கு அது 9-இல் தொடங்கும், வொர்க் பெர்மிட் முடியும் நாளில் அதுவும் முடியும். வீட்டுக்கு வந்ததும் குளிர்பதனப் பெட்டிக் கதவில் இருந்த நாட்காட்டியில் அவளே புதுத் தேதியைத் தேடி, 30 நாள் பின்னால் எண்ணி, வட்டம் போட்டாள்.